உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார்? நாடாளுமன்றப் பதிவிலிருந்து எடுத்து நம்பகமான பட்டியலாக்க ஒரு வழிகாட்டி

ஒரு மசோதா நிறைவேறிய மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். நம்ம ஊர் எம்.பி. படம், பக்கத்தில் 'ஆதரவாக வாக்களித்தார்' என்றோ 'ஓடிப்போனார்' என்றோ ஒரு வரி. ஆதாரம் எங்கே என்று கேட்டால் யாரிடமும் இருக்காது. ஆனால் ஆதாரம் பொதுவெளியில்தான் இருக்கிறது, காசும் கிடையாது. எங்கே தேடுவது, எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் நான் நிறையத் தடுமாறிவிட்டேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. முதலில், பெயர்ப்பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்

பலர் இதைப் பார்க்காமலேயே தேட ஆரம்பித்து நேரத்தைத் தொலைக்கிறார்கள். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், எந்தச் சத்தம் அதிகம் என்று அவைத்தலைவர் தீர்மானிப்பார். அதில் யார் என்ன சொன்னார்கள் என்பது எங்கும் பதிவாகாது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகூட இருக்காது.

உறுப்பினர் யாராவது அந்த முடிவை ஏற்காமல் டிவிஷன் கேட்டு, அது நடந்தால்தான் பெயர்கள் பதிவாகும். டிவிஷன் என்றால் பொத்தானை அழுத்தியோ, சீட்டில் எழுதிக் கொடுத்தோ, லாபிக்கு (அவையை ஒட்டிய கூடத்துக்கு) போயோ வாக்களிப்பது. மக்களவையில் இதற்கான விதி 367-ம் அதன் துணை விதிகளும், மாநிலங்களவையில் 252 முதல் 254 வரை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று மக்களவைத் தலைவர் கருதினால், உறுப்பினர்களை அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம், அப்போது பெயர்கள் பதிவாகாது என்று விதி 367-லேயே இருக்கிறது. ஆக, எண்ணினார்கள் என்ற செய்தியைப் பார்த்ததும் பட்டியல் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

2020 செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் நிறைவேறியதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, ஆனால் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டார்கள். நாடே பேசிய சட்டங்கள் அவை. அந்த அவையில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்றைக்கும் இல்லை, இனியும் வராது. அதேபோல 2023 ஆகஸ்டில் டெல்லி அரசுப் பணிகள் தொடர்பான மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் போனது. மாநிலங்களவையில் டிவிஷன் நடந்து 131–102 என்று பதிவானது. ஒரே மசோதாதான், ஆனால் ஒரு அவையில் பட்டியல் உண்டு, இன்னொன்றில் இல்லை. அதனால் இரண்டு அவைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உறுதியாகப் பட்டியல் கிடைப்பது அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களுக்கு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அவையில் இருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று 368-வது பிரிவு கேட்பதால் எண்ணாமல் முடியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்து ஆரம்பிப்பது நல்லது. 2023 செப்டம்பர் 20-ல் மக்களவையில் 454–2 என்று நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா பழகுவதற்கு ஏற்றது. எதிர்ப்புப் பக்கம் இரண்டே பெயர்தான் என்பதால் பட்டியலைச் சரிபார்ப்பது சுலபம்.

2. எந்தக் கட்டத்தின் வாக்கெடுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு மசோதாவுக்கு ஒரே ஒரு வாக்கெடுப்பு என்று நினைக்காதீர்கள். அறிமுகம், பரிசீலனைக்கு எடுப்பது, தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோருவது, ஒவ்வொரு திருத்தம், ஒவ்வொரு உட்பிரிவு, கடைசியில் நிறைவேற்றுவது என்று எந்த இடத்திலும் டிவிஷன் வரலாம். ஒரே இரவில் அடுத்தடுத்து நான்கைந்து நடப்பதும் உண்டு.

இதில் பலரும் மாட்டிக்கொள்வது திருத்தங்களில்தான். எதிர்க்கட்சி உறுப்பினர் கொண்டுவரும் திருத்தத்துக்கு டிவிஷன் நடந்தால், மசோதாவை ஆதரிப்பவர்கள் 'இல்லை' பக்கம் இருப்பார்கள், எதிர்ப்பவர்கள் 'ஆம்' பக்கம் இருப்பார்கள். தலைப்பைப் படிக்காமல் 'ஆம்' பட்டியலை எடுத்துப் போட்டால் எல்லாருடைய நிலைப்பாடும் தலைகீழாகிவிடும். அதனால் பெயர்ப்பட்டியலுக்கு மேலே இரண்டு மூன்று பக்கம் பின்னே போய், அவைத்தலைவர் எந்தக் கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டார் என்ற வாசகத்தை அப்படியே நகலெடுத்து வையுங்கள். டிவிஷன் எண்ணும் நேரமும் அங்கேயே இருக்கும், அவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. என்னென்ன ஆவணம், எப்போது கிடைக்கும்

எல்லாம் நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் (sansad.in) தளத்தில் இருக்கிறது. இரண்டு அவைகளுக்கும் தனித்தனிப் பக்கம். பதிவு செய்யவோ கட்டணம் கட்டவோ தேவையில்லை.

முதலில் புல்லட்டின் பகுதி 1. அது அன்றைய நடவடிக்கைகளின் சுருக்கம். டிவிஷன் நடந்ததா, முடிவு என்ன என்பதை இதிலிருந்துதான் பிடிக்க வேண்டும். பகுதி 2 பொது அறிவிப்புகளுக்கானது, அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, திருத்தப்படாத விவாதப் பதிவு. பெரும்பாலும் அன்றிரவோ மறுநாளோ வந்துவிடும். பெயர்ப்பட்டியல் இதிலேயே இருக்கலாம், ஆனால் இது முடிவான ஆவணம் அல்ல. வந்தவுடன் இறக்கி, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டு வையுங்கள். பின்னாளில் திருத்தப்பட்ட பதிவு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்த நகல் வேண்டும்.

மூன்றாவது, திருத்தப்பட்ட விவாதப் பதிவு. இது பின்னால்தான் வரும், பொறுமை வேண்டும். பழைய கூட்டத்தொடர்களுக்கு நாடாளுமன்ற மின்னூலகத்தில் தேடலாம், 1952 முதலான மக்களவை விவாதங்கள் அங்கே இருக்கின்றன. மசோதாவின் பெயரைப் போட்டுத் தேடினால் குவியலாக வந்து விழும். தேதியைக் கொடுத்துத் தேடுங்கள், அப்புறம் கோப்புக்குள் 'Division', 'Ayes' (ஆம்), 'Noes' (இல்லை) என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள்.

நான்காவது, அன்றைய தேதியில் யார் யார் உறுப்பினர்கள் என்ற பட்டியல். இது ஏன் என்று 6-ல் சொல்கிறேன்.

நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். (PRS) என்ற அமைப்பின் தளத்தில் உள்ள எம்.பி. பக்கங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். வருகை, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் பற்றி அறிய அது நல்ல இடம். ஒவ்வொரு மசோதாவிலும் அந்த எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பதை மட்டும் அங்கே தேடாதீர்கள்.

4. எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள்

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

2024 டிசம்பர் 17. ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129-வது அரசியலமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமாகிறது. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்கின்றன. புதிய கட்டடத்தின் மக்களவையில் மின்னணு வாக்குப்பதிவு பயன்படுத்தப்பட்டது அன்றுதான் முதல் தடவை. திரையில் வந்த எண்கள்: ஆதரவு 220, எதிர்ப்பு 149. பொத்தான் பதிவாகாதவர்களும், பதிவானதை மாற்ற வேண்டியவர்களும் சீட்டு வாங்கி எழுதிக் கொடுத்தார்கள். அதையெல்லாம் சேர்த்த பிறகு கிடைத்த முடிவு 269–198. இடையில் 263–198 என்றும் செய்தி பரவியது. அதை வைத்து '461 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 307' என்று கணக்குப் போட்ட பதிவுகளை இன்றும் இணையத்தில் பார்க்கலாம்.

ஒரே வாக்கெடுப்புக்கு மூன்று ஜோடி எண்கள். திரையைப் படம் எடுத்தவர் பொய் சொல்லவில்லை, 263 என்று எழுதியவரும் கற்பனை செய்யவில்லை, எந்த நிமிடத்து எண் என்று யாரும் குறிப்பிடவில்லை, அவ்வளவுதான். திரையில் வந்ததற்கும் இறுதி முடிவுக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு பேரின் வாக்கு இருக்கிறது. உங்கள் எம்.பி. அந்த நூறு பேரில் ஒருவராக இருந்தால், அந்தத் திரையின் படத்தை மட்டும் பார்த்து 'வாக்களிக்கவில்லை' என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

விவாதப் பதிவில் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கும். பட்டியலின் அடியில், சீட்டு மூலம் வாக்களித்தவர்கள், தவறாக அழுத்தித் திருத்தியவர்கள் என்று பெயர்கள் வரும். எழுத்து பொடியாக இருக்கும், அடுத்த பக்கத்துக்கும் தாண்டிப் போகும். அதைப் படிக்காமல் மேலே உள்ள பெயர்களை மட்டும் எடுத்தால் உங்கள் பட்டியல் அரைகுறைதான்.

சரிபார்க்கும் முறை: பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அறிவித்த எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் அடிக்குறிப்பில் உள்ளவர்களைச் சேர்த்தும், பக்கம் மாறியவர்களைக் கழித்தும் பாருங்கள். அப்போதும் ஒன்றிரண்டு இடித்தால் நீங்களாகச் சரிக்கட்டாதீர்கள். 'பட்டியலில் இத்தனை, அறிவிப்பில் இத்தனை' என்று இரண்டையும் எழுதி வையுங்கள். பொருந்தாத எண்ணை அப்படியே காட்டுகிற பட்டியலைத்தான் நான் நம்புவேன்.

பி.டி.எஃப். கோப்பிலிருந்து பெயர்களை நகலெடுக்கும்போதும் கவனம். பட்டியல் இரண்டு பத்திகளாக இருந்தால் இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் கலந்துவிடும். இந்தி எழுத்துரு இருந்தால் குப்பையாக வரும். எடுத்த பிறகு ஒருமுறையாவது மூலப் பக்கத்தோடு கண்ணால் ஒப்பிடுங்கள்.

5. தமிழ்ப் பெயர்கள் படுத்தும் பாடு

அவைப் பதிவு குடும்பப்பெயரை முன்னால் போட்டு அகரவரிசையில் அடுக்குகிறது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயராக வரும், ஊர்ப்பெயரும் சேர்ந்து வரும். டி.ஆர். பாலு என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், உறுப்பினர் பட்டியலில் அவர் தளிக்கோட்டை ராஜுதேவர் பாலு. தமிழச்சி தங்கபாண்டியனைத் 'த' வரிசையில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டக்கூடாது, சுமதி என்ற பெயரிலும் பார்க்க வேண்டும். திருமாவளவனின் பெயர் ஆங்கிலத்தில் எங்கே பிரித்து எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வரிசை மாறும்.

அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே தமிழ்நாட்டின் 39 தொகுதிகள், புதுச்சேரி ஒன்று என 40 பேருக்கும் ஒரு பெயர்ப் பொருத்தப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தொகுதி, நாம் அழைக்கும் பெயர், உறுப்பினர் பட்டியலில் உள்ள பெயர், வாக்குப் பட்டியல்களில் பார்த்த எழுத்துக்கூட்டல்கள் எல்லாம். ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும், அந்த அவையின் ஐந்து வருடமும் உதவும். ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருந்தால் தொகுதி தெரியாமல் யாரையும் குறிக்காதீர்கள்.

6. பட்டியலில் பெயர் இல்லை என்றால்

உடனே 'ஓடிப்போனார்' என்று எழுதாதீர்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவர் அந்த அவையின் உறுப்பினர்தானா? அமைச்சர்கள் எந்த அவையிலும் பேசலாம், வாக்களிப்பது தாங்கள் உறுப்பினராக இருக்கும் அவையில் மட்டும். நிர்மலா சீதாராமனும் எல். முருகனும் மாநிலங்களவை உறுப்பினர்கள், மக்களவைப் பட்டியலில் அவர்கள் பெயர் எப்படி வரும்?

அவர் அப்போது அவைத்தலைவர் இருக்கையில் இருந்தாரா? அரசியலமைப்பின் 100-வது பிரிவின்படி மக்களவைத் தலைவரோ அந்த இருக்கையில் இருப்பவரோ முதலில் வாக்களிக்க மாட்டார். சமநிலை வந்தால் மட்டுமே வாக்களிப்பார்.

அந்தத் தேதியில் தொகுதிக்கு எம்.பி. இருந்தாரா? ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது 2019 ஆகஸ்ட் 6. தள்ளிவைக்கப்பட்ட வேலூர்த் தேர்தல் நடந்தது ஆகஸ்ட் 5, முடிவு வந்தது ஆகஸ்ட் 9. அந்த வாக்கெடுப்பின்போது வேலூருக்கு எம்.பி.யே கிடையாது. மறைவு, ராஜினாமா, தகுதிநீக்கம், இடைத்தேர்தல் எல்லாவற்றையும் இப்படித் தேதியோடு பார்க்க வேண்டும்.

அப்புறம், வெளிநடப்பு செய்தாரா, ஊரிலேயே இல்லையா, உள்ளே இருந்தும் வாக்களிக்கவில்லையா? நடுநிலை என்று பதிவு செய்ய மஞ்சள் பொத்தானும் மஞ்சள் சீட்டும் தனியாக உண்டு, அப்படிப் பதிவு செய்தவர் மட்டும்தான் நடுநிலை. மற்றவர்களுக்கு 'வாக்கு பதிவாகவில்லை' என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். வருகைப் பதிவேட்டைக் காட்டி 'அன்று வந்திருந்தார், ஆனால் வாக்களிக்கவில்லை' என்று வாதாடுவதும் செல்லாது. வருகையைப் பதிவது நாளுக்கு ஒருமுறை, வாக்கெடுப்பு நள்ளிரவிலும் நடக்கும். அமைச்சர்கள் அதைப் பதிவதே இல்லை.

கொறடா உத்தரவையும் மறக்காதீர்கள். கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி போகலாம். அதனால் பட்டியலில் இருப்பது அவர் அளித்த வாக்கு. அவருடைய சொந்தக் கருத்தும் அதுதான் என்று அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல ஆதாரம் கிடையாது.

7. அட்டவணையில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரு சாதாரண விரிதாள் போதும், சி.எஸ்.வி. கோப்பாகவும் சேமித்தால் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம். அவை, தேதி, நேரம், டிவிஷன் எண், மசோதா, எந்தக் கட்டம், கேள்வியின் வாசகம், உறுப்பினர் பெயர், தொகுதி, வாக்கு. இவற்றை எல்லாரும் போடுவார்கள். விட்டுவிடுவது இவைதான்: பொத்தானா சீட்டா, திருத்தப்பட்ட வாக்கா, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம், அது திருத்தப்படாத பதிவா திருத்தப்பட்டதா, நீங்கள் இறக்கிய தேதி.

குரல் வாக்கெடுப்பில் போன மசோதாக்களையும் 'பெயர் பதிவு இல்லை' என்று ஒரு வரியாகச் சேருங்கள். டிவிஷன் நடந்தவற்றை மட்டும் போட்டால், அந்த எம்.பி. வாக்களித்ததே அந்தச் சிலவற்றில்தான் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். எவ்வளவு சட்டங்கள் பெயரே இல்லாமல் போகின்றன என்பதும் மக்கள் கண்ணில் படட்டும்.

இணைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். பி.டி.எஃப். கோப்பை உங்களிடமும் வைத்துக்கொண்டு, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு நகல் ஏற்றிவிடுங்கள். வெளியிட்ட பிறகு ஏதாவது திருத்தினால் பழையதை அழிக்காமல், என்று எதை மாற்றினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

8. ஆவணம் கிடைக்கவில்லை என்றால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்)

இரண்டு அவைச் செயலகங்களுக்கும் தனித்தனிப் பொதுத் தகவல் அலுவலர்கள் இருக்கிறார்கள். மாற்றி அனுப்பினாலும் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், ஆனாலும் நமக்கு நாள் போகும், சரியாகப் பார்த்து அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. போஸ்டல் ஆர்டர் எடுக்கும் முன் யார் பெயருக்கு எடுக்க வேண்டும் என்பதை அந்தச் செயலகத்தின் ஆர்.டி.ஐ. பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பெயர் மாறினால் மனு திரும்பி வரும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், நாள் கணக்குக்கு அது வேண்டும்.

'எம்.பி.க்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று தொகுத்துத் தரவும்' என்று கேட்டால் நிராகரித்துவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், புதிதாகத் தயாரித்துத் தரச் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்: 'இந்தத் தேதியில் நடந்த இத்தனாம் எண் டிவிஷனின் இறுதி முடிவு, திருத்தச் சீட்டுகள் மூலம் சேர்க்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட பெயர்களின் பட்டியல், இவற்றின் சான்றிட்ட நகல். சீட்டுகள் அழிக்கப்பட்டிருந்தால், அவற்றை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியின் நகல்.' ஒரு மனுவில் ஒரு டிவிஷன் போதும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை. அதன் முடிவுக்கு 30 நாள், அதிகபட்சம் 45. அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். அவை உரிமை மீறல் என்று 8(1)(சி) பிரிவைக் காட்டி மறுத்தால், அதே அவை விவாதப் பதிவில் இந்தப் பெயர்களைத் தானே வெளியிடுகிறது என்பதைப் பக்க எண்ணோடு மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

9. உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்

பட்டியலை வெளியிடும் முன் எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பி, தவறு இருந்தால் ஆவணத்தோடு சொல்லும்படி கேளுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பதில் வந்தால் சேருங்கள், வராவிட்டால் கேட்ட தேதியைப் போடுங்கள். ஆவணம் இல்லாமல் 'நான் ஆதரவாகத்தான் வாக்களித்தேன்' என்று மட்டும் சொன்னால் அதை அவர் கூற்றாகத் தனிப் பத்தியில் போடலாம், வாக்குப் பத்தியில் கை வைக்காதீர்கள்.

அதே கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளையும் வையுங்கள். முக்கியமான மசோதாக்கள் நிறைவேறும் கட்டத்தில் அவரே எழுந்து டிவிஷன் கேட்க வேண்டும், ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் அது கோரிக்கைதான். செயலகம் ஒவ்வொரு டிவிஷனின் இறுதி முடிவையும் தொகுதியோடு, கணினியில் எடுத்து எண்ணக்கூடிய கோப்பாக, திருத்தங்களைத் தனியே காட்டி வெளியிட வேண்டும் என்று அவர் கேட்க வேண்டும். பொத்தான் அழுத்தியதும் எண் திரையில் வந்துவிடுகிறது, அதைக் கோப்பாகத் தருவதற்குத் தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, அவர் தொகுதியில் இருக்கும்போது நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.